நான் ஜெயித்த ஒரு செட்

போன வருஷத் தைப்பூசத்திலிருந்து இன்றுவரை அங்கிளோடு நான் ஆடிய செட்டுகள் 53. ஜெயித்தது ஒன்று. தோற்ற 52 செட்டுகளைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் தோற்றுவிட்டு, கடலூர் எல்ஆர்டி நிலையம் வழியாக நடந்து வீட்டுக்குப் போய், அம்மா வைத்திருக்கும் ரசத்தைக் குடித்துவிட்டுத் தூங்கினால் காலையில் எல்லாம் சரியாகிவிடும். தூக்கம் வராமல் போனது அந்த ஒன்றை ஜெயித்த இரவில்தான்.

அங்கிளை எனக்குத் தெரிந்ததே தைப்பூசத்தில்தான். நம் இளையர்கள் தண்ணீர்ப் பந்தலில் நின்றபோது பாத்திரம் கழுவ வந்தார். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த ராக்கெட்டைப் பார்த்து, "ஆடுவியா தம்பி?" என்று கேட்டார். உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக டென்னிஸ் ஆடியிருக்கிறேன், தேசியச் சேவையில் இரண்டு வருஷம் தொடவே இல்லை என்றேன். "பரவால்ல, வா." பொங்கோலில் அவர் கொண்டோவில் ஒரு கோர்ட் இருக்கிறது. எங்கள் புளோக்கிலிருந்து பத்து நிமிட நடை. அவருக்கு அறுபது நெருங்குகிறது, முட்டியில் எப்போதும் பட்டை கட்டியிருப்பார். நான் சுலபமாக ஜெயித்துவிடுவேன் என்று நினைத்தேன். முதல் நாள் 6-1, 6-0. அந்த ஒரு கேமும் அவர் இரண்டு டபுள் ஃபால்ட் போட்டதால் கிடைத்தது.

அவர் ஒன்றும் பலமாக அடிப்பதில்லை. அதுதான் கொடுமை. நான் முழு பலத்தோடு அடிக்கிற பந்தை அப்படியே ஏந்தி, நான் இல்லாத இடத்தில் வைத்துவிடுவார். நான் முன்னால் ஓடி வந்தால் தலைக்கு மேல் லாப். பின்னால் நின்றால் நெட்டைத் தாண்டி ரெண்டு அடியில் டிராப் ஷாட். அவருடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். அதனாலோ என்னவோ, ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கிருஷ்ணனுக்குச் சொல்லிக் கொடுத்த அப்பா டி.கே. ராமநாதனும் தென்காசிக்காரர்தான்.

என் தலைமுறைக்கு அந்தப் பேரே தெரியாது என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1937இல் நாகர்கோவிலில் பிறந்தவர். 1954இல் விம்பிள்டன் இளையர் பட்டத்தை ஜெயித்தார், அதை ஜெயித்த முதல் ஆசியர். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். முதல் தடவை நீல் ஃபிரேசரிடமும் அடுத்த தடவை ராட் லேவரிடமும் தோற்றார். அவர்கள்தான் அந்தந்த வருஷத்துச் சாம்பியன்கள். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்டுகளில் அடித்தார். இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அவருடைய செர்வ் பலவீனமானது. விம்பிள்டன் புல்தரையில் செர்வ் பலவீனம் என்றால், கத்தி இல்லாமல் சமையலறைக்குள் போவது மாதிரி. அவர் கையின் மென்மையையும் பந்தை வைக்கிற இடத்தையும் நம்பித்தான் அந்த ஆஸ்திரேலியர்களுக்கு எதிரே நின்றார்.

சரி, அந்த செட்டுக்கு வருகிறேன். போன ஆகஸ்ட். அங்கிள் 4-1 என்று முன்னால் இருந்தார். அங்கிருந்து நான் வரிசையாக நான்கு கேம் எடுத்து 5-4 ஆக்கினேன். இப்போது என் செர்வ். 30-40. அவர் திருப்பி அனுப்பிய பந்து என் பேஸ்லைனில் விழுந்தது. கோட்டின் மேலேயே. எனக்குத் தெரியும். "அவுட்" என்றேன்.

டியூஸ். அடுத்த இரண்டு பாயிண்டும் எனக்கு. 6-4.

அங்கிள் நெட்டுக்கு வந்து கை கொடுத்தார், முதுகில் தட்டினார். நான் பறந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். ரசம் குடிக்கும்போது இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று அந்தப் பந்து. இன்னொன்று, கடைசி ஐந்து கேமிலும் அங்கிள் ஒரு டிராப் ஷாட்கூடப் போடவில்லை.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்வது! என் பொய்யைப் பற்றி இல்லை, அவருடைய பொய்யைப் பற்றி. அடுத்த சனிக்கிழமை நேராகக் கேட்டேன். "அங்கிள், போன வாரம் எனக்கு விட்டுக் கொடுத்தீங்களா?" அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "ரொம்ப நாளா தோத்துட்டே இருக்கியே, சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்" என்றார். "அது வேணாம் அங்கிள். முழுசா ஆடுங்க." அவர் நிமிர்ந்து பார்த்தார். "சரி. அப்போ நீயும் லைனை ஒழுங்கா பாரு."

அன்றைக்கு 6-0, 6-1.

இதை நம் சனிக்கிழமை காலை கீதை வகுப்பில் ஒரு நண்பனிடம் சொன்னேன், லைன் விஷயத்தை விட்டுவிட்டு, தோல்விக் கதையை மட்டும். அவன் உடனே இரண்டாம் அத்தியாயத்தின் 47வது சுலோகத்தை எடுத்தான். "பலனை நினைக்காதலா, ஆடு. ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன." நாம் எல்லோரும் சொல்வதுதான். பரீட்சை மோசமாகப் போனாலும் சொல்கிறோம், நேர்காணல் கிடைக்காவிட்டாலும் சொல்கிறோம். ஆனால் அன்று எனக்கு அது ஒட்டவில்லை. டென்னிஸ் ஆடியவர்களுக்குத் தெரியும், இந்தப் பாயிண்ட் வேண்டும் என்று நினைக்காமல் ஒரு பந்தைக்கூட ஓடி எடுக்க முடியாது. வேண்டும் என்ற நினைப்பு இல்லாதவன் எதிரே நின்றால், அந்தப் பக்கம் இருப்பவர் சுவரில் பந்தடித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்படியானால் கீதை சொல்வதைக் கேட்டு நடந்தால் மோசமான எதிராளியாகத்தான் இருக்க முடியுமா?

இதற்குப் பதில் கீதைக்குள் தேடினேன், கிடைக்கவில்லை. கீதை முடிந்ததும் அடுத்து என்ன நடக்கிறது என்று பீஷ்ம பர்வத்தைத் தொடர்ந்து படித்தபோதுதான் கிடைத்தது. நாம் பெரும்பாலும் பதினெட்டாம் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம் இல்லையா. அதற்குப் பிறகு வருவது இது. சங்கு ஊதப் போகிற நேரத்தில் யுதிஷ்டிரர் கவசத்தைக் கழற்றி, ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு, எதிரிப் படையை நோக்கி நடக்கிறார். தம்பிகள் பதறிக்கொண்டு பின்னால் ஓடுகிறார்கள். அவர் போய்ப் பீஷ்மரின் காலைத் தொட்டு, உங்களோடு போரிட அனுமதி வேண்டும் என்று கேட்கிறார். பீஷ்மர் மனம் குளிர்ந்து, வெற்றி உனக்கே என்று வாழ்த்துகிறார். நீ வராமல் இருந்திருந்தால் சபித்திருப்பேன் என்றும் சொல்கிறார். தன்னைவிடப் பலசாலியோடு மோதுவதற்கு முன்னால் அவரிடமே போய் அனுமதி கேட்பது! நான் நெட்டில் கை கொடுப்பது ஆட்டம் முடிந்த பிறகுதான். அவர்கள் ஆரம்பத்திலேயே கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் நடப்பது இன்னும் முக்கியம். அர்ஜுனனுக்குத் தாத்தாவின் மேல் கை ஓங்க மனம் வரவில்லை. மென்மையாகச் சண்டை போடுகிறான். படை அழிந்துகொண்டிருக்கிறது. அப்போது கிருஷ்ணர், ஆயுதம் தொட மாட்டேன் என்று வந்தவர், சக்கரத்தோடு தேரிலிருந்து குதித்துப் பீஷ்மரை நோக்கி ஓடுகிறார். அர்ஜுனன் பின்னாலேயே ஓடிக் காலைப் பிடித்து, இனி முழுசாகப் போரிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவரைத் திருப்பிக் கூட்டி வர வேண்டியிருந்தது. ஒன்பதாம் நாளும் கிட்டத்தட்ட இதே கதை.

யோசித்துப் பாருங்கள். வெற்றியும் தோல்வியும் ஒன்று என்று சொல்லிக் கொடுத்தவருக்கு, அரைகுறையாக ஆடுகிற மாணவனைப் பார்த்து அவ்வளவு கோபம். அப்படியென்றால் அந்த 47வது சுலோகத்தை நாம் தோற்றவனுக்குத் தைலம் தடவுகிற மாதிரிப் பயன்படுத்துவது தப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதிகாரம் என்ற சொல் அங்கே வருகிறது. எது என் அதிகாரத்தில் இருக்கிறது, எது இல்லை என்பதுதான் விஷயம். பந்தை நோக்கி ஓடுவது என் கையில். ஸ்கோர் என் கையில் இல்லை, பாதி அங்கிள் கையில் இருக்கிறது. அந்த 30-40இல் என் கையில் இருந்ததை விட்டுவிட்டு, என் கையில் இல்லாததைத் திருடினேன். (பீஷ்மரும் விட்டுக் கொடுத்து ஆடுகிறார் என்று துரியோதனன் அவர் முகத்துக்கு நேரே குறை சொன்னான். அந்த வகையில் என் அங்கிள் நல்ல கூட்டணியில்தான் இருக்கிறார்.)

லைன் பார்ப்பதைப் பற்றி ஆடாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் நம் பக்கம் விழுகிற பந்தை நாமேதான் சொல்ல வேண்டும். பந்து கோட்டைத் தொட்டாலே உள்ளே. சந்தேகமாக இருந்தால் அதுவும் உள்ளேதான், பலன் எதிராளிக்கு. உலகத்தில் எத்தனை விளையாட்டில் இப்படி ஒரு விதி இருக்கும் என்று தெரியவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரையே நீதிபதி நாற்காலியில் உட்கார வைப்பது மாதிரி. பெரிய போட்டிகளில் இப்போது கேமராக்கள் பார்த்துக்கொள்கின்றன. 2025இல் விம்பிள்டனே கோட்டு நடுவர்களை எடுத்துவிட்டது. பொங்கோல் கொண்டோ கோர்ட்டில் கேமரா இருக்கிறது, ஆனால் அது செக்யூரிட்டி கேமரா, யாராவது செருப்போடு உள்ளே வருகிறார்களா என்று பார்ப்பதற்கு.

பொறியியல் படிக்கிறவன் என்பதால் இதை அளவீட்டுப் பிழையாகப் பார்க்கப் பழகிவிட்டேன். பந்தின் விட்டம் ஆறரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அது தரையைத் தொடுகிற நேரம் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. நானோ ஓடிக்கொண்டிருக்கிறேன். ஆகவே என் கண்ணுக்கு ஒரு பிழை எல்லை உண்டு. அதில் தப்பே இல்லை. நேர்மையான கருவியென்றால் அந்தப் பிழை இரண்டு பக்கமும் சமமாக விழ வேண்டும். ஒரே பக்கமாகச் சாய்ந்தால் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கருவியை நம்ப மாட்டோம். நான் முன்னால் இருக்கும்போது என் கண் நன்றாகத்தான் வேலை செய்கிறது. பின்னால் இருக்கும்போது, அதுவும் பலசாலியிடம் பின்னால் இருக்கும்போது, கோடு கொஞ்சம் உள்ளே நகர்ந்துவிடுகிறது. மனசுக்குள் ஒரு குரல், "அவருக்குத்தான் எல்லாம் இருக்கே, இந்த ஒரு பாயிண்ட் போனா என்ன" என்று. பலவீனமானவனுக்கு ஒரு சலுகை உண்டு என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பலசாலி செய்கிற அநியாயம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். எளியவன் செய்கிறது அவனுக்கே தெரியாது, அதை நியாயம் என்றே நினைத்துக்கொண்டிருப்பான்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பாயிண்டிலும் எனக்கு 40 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு 60. ஒரு கேமை நான் எடுக்கிற வாய்ப்பு 26 சதவீதமாகக் குறைகிறது. ஒரு செட்டை எடுக்கிற வாய்ப்பு 4 சதவீதம்கூட இல்லை. டென்னிஸ் ஸ்கோர் முறை சின்ன வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதையே திருப்பிப் பார்த்தால், 6-1 என்று தோற்கிறவன்கூடப் பத்துக்கு நான்கு பாயிண்டுக்குப் பக்கத்தில் ஜெயித்திருக்கலாம். அந்த நான்கும் ஸ்கோரில் தெரியாது. ஆனால் அவை நடந்தவை. அங்கிள் அதற்காக ஓடியிருக்கிறார்.

பள்ளியில் முயலையும் யானையையும் வைத்து வள்ளுவர் சொன்ன குறளை எல்லோரும் படித்திருப்போம். பெரிதாகக் குறி வை என்று ஆசிரியர்கள் அதை விளக்குவார்கள். பொங்கோல் என்ற பெயரே மலாயில் கம்பை எறிந்து மரத்திலிருந்து பழம் விழ வைப்பதைக் குறிக்கும் என்று சொல்வார்கள், ஆக எங்கள் ஊரே எட்டாததை நோக்கி எறிகிற ஊர்தான். ஆனால் யானையின் பக்கத்தை யாரும் கேட்பதில்லை. குறி தப்பினாலும் எனக்குப் பெருமை, சரி. யானைக்கு என்ன கிடைத்தது? என்னைவிட நன்றாக ஆடுகிற ஒருவரின் சனிக்கிழமையை வாரா வாரம் எடுத்துக்கொள்கிறேனே, நான் எதைக் கொடுக்கிறேன்? பந்து டப்பாவைக்கூட மாற்றி மாற்றித்தான் வாங்குகிறோம்.

அவரிடமே கேட்டேன். சிரித்தார். "உன்னோட ஆடுனா ஓட வேண்டியிருக்கு தம்பி. என் வயசுக்காரங்க எல்லாம் டபுள்ஸ் ஆடுவாங்க, அரை மணி நேரத்துல கோப்பி குடிக்கப் போயிடுவாங்க. நீ எல்லாப் பந்தையும் எடுக்க ஓடுறே. அதனால நானும் ரெண்டாவது தடவை யோசிக்கணும்." அப்படியானால் நான் கொடுப்பது என் கால்கள். எட்டாது என்று நானே முடிவு செய்து நின்றுவிடுகிற ஒவ்வொரு பந்திலும் அவருக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொள்கிறேன்.

இதைக் கேட்ட பிறகு 1966 டேவிஸ் கோப்பைக் கதை எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. கல்கத்தாவில் பிரேசிலோடு மோதல். 2-2 என்று சமம். கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணனுக்கு எதிரே தோமாஸ் கோக். கிருஷ்ணன் ஒரு செட்டுக்கு இரண்டு என்று பின்னால். நான்காவது செட்டில் 2-5. அங்கிருந்து அந்தச் செட்டை 7-5 என்று எடுத்து, ஐந்தாவதையும் எடுத்து, இந்தியாவை முதல் தடவையாக இறுதிச் சுற்றுக்குக் கொண்டு போனார். எல்லோரும் சொல்லும் கதை இது. அங்கிளுக்குப் பிடித்ததோ அதற்கு அடுத்த பகுதி. மெல்பர்னில் ஆஸ்திரேலியா. ஸ்டோல், எமர்சன், நியூகோம்ப், ரோச். ஜெயிக்க வழியே இல்லை, 4-1 என்று தோற்றார்கள். அந்த ஒன்று இரட்டையர் ஆட்டம். நியூகோம்பும் ரோச்சும் அதற்கு முந்தின வருஷ விம்பிள்டன் இரட்டையர் சாம்பியன்கள். முதல் செட்டையும் இழந்த பிறகு கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியாவும் அவர்களை அடித்தார்கள். "அந்த ஒண்ணை யாரும் குடுக்கல தம்பி" என்பார் அங்கிள். சும்மா கதைக்காகச் சொல்கிறாரா, என் 6-4ஐக் குத்திக் காட்டுகிறாரா என்று தெரியாது.

அவர் எந்தப் பந்தை மனதில் வைத்து "லைனை ஒழுங்கா பாரு" என்றார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு பந்துதான். அவருக்கு எத்தனை ஞாபகம் இருக்கிறதோ. மன்னிப்பும் வார்த்தையாகக் கேட்கவில்லை. இப்போது சந்தேகம் வந்தால் "இன்" என்று சத்தமாகச் சொல்கிறேன். சில சமயம் வெளியே போன பந்தையே இன் என்று சொல்லியிருப்பேன், அது வேறு வகைப் பிழை.

மூன்று மாதமாக எங்கள் புளோக்கில் உயர்நிலை இரண்டு படிக்கிற ஒரு பையனுக்கு ஞாயிறு காலையில் ஆடக் கற்றுக் கொடுக்கிறேன். வாங்கிய கடனை வாங்கினவரிடமே கட்ட முடியாது, அடுத்தவனுக்குத்தான் கட்ட முடியும் என்று ரிஷிக் கடனைப் பற்றி வகுப்பில் படித்தோமே, அந்த நினைப்பில் ஆரம்பித்தது. வேகமாக ஓடுவான், கோபம் சீக்கிரம் வரும். இந்த மூன்று மாதத்தில் ஒரு செட்டில் மூன்று கேமுக்கு மேல் எடுத்ததில்லை. போன வாரம் 5-3இல் அவன் முகத்தைப் பார்த்தேன். என் செர்வ் தானாகவே மெதுவானது. இரண்டு பந்தை நெட்டில் அடித்தேன். கேம் அவனுக்கு. 5-4.

பையை மாட்டிக்கொண்டு போகும்போது திரும்பி நின்று கேட்டான். "அண்ணே, கடைசி கேம்ல விட்டுக் குடுத்தீங்களா?"

"இல்லடா" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் போனான். நாளைக்கு மறுபடி ஞாயிறு.